சாட்சி ரத்தம்

என் மகன் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தை 'அம்மா' அல்ல, 'நிலக்கடலை'. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில், 'நிலக்கடலைத் துகள்கள் இருக்கலாம்' என்று போட்டிருந்தது. மற்ற பிள்ளைகள் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்த வயதில் இளமாறன் மூலப்பொருள் பட்டியலைப் படித்தான். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன்.

அவனுக்குக் கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு துகள் உள்ளே போனால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஐந்து வயதில் அவல் மிக்சர் ஒரு பிடி தின்றான். அந்தப் பாக்கெட்டை நான் மூன்று முறை படித்திருந்தேன். அவல், கறிவேப்பிலை, உப்பு, மிளகாய்த்தூள், சூரியகாந்தி எண்ணெய். அந்த எண்ணெயை ஏற்றிவந்த டேங்கர் லாரி முந்தின நடையில் கடலை எண்ணெய் ஏற்றியிருக்கிறது. லாரி எங்கே போய்விட்டு வந்தது என்பதை எந்தப் பாக்கெட்டில் அச்சடிப்பார்கள்? மூன்று நாள் செயற்கை மூச்சில் கிடந்து எழுந்தான். அந்த வருடம் அப்படிக் கிடந்து எழாமலே போன பிள்ளைகள் நிறையப் பேர். அவர்கள் போன பிறகுதான் சாட்சிச் சட்டம் வந்தது.

சட்டம் வந்ததும் பாக்கெட்டின் பின்பக்கப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பச்சை முத்திரை வந்தது: 'சாட்சி பார்த்தது'. அந்த முத்திரையை நான் கடவுளை நம்புவதுபோல நம்பினேன். பெருந்துறையில் சிறுதானியப் பலகாரம் பாக்கெட் போடும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாகச் சேர்ந்தேன். இப்போது முத்திரை போடச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவளே நான்தான்.

போன வருடம் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இளமாறன் கேட்டான்.

"ஏம்மா, கடலையக் கண்டுபிடிக்க எந்திரம் இருக்குதில்ல? அப்புறம் எதுக்கு ஆளு?"

"பச்சைக் கடலைன்னா எந்திரம் கண்டுபிடிக்கும்டா. வறுத்து, பொரிச்சு, அரைச்சு, எதோடயோ கலந்து வந்தா அதுக்கு அடையாளம் தெரியாது. உன் உடம்புக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"தெரிஞ்சுருது. தொண்டை அடைக்குது."

"அதேதான். உன்ன மாதிரி கடலை ஆகாத ஒருத்தரோட ரத்தம் ஒரு தேக்கரண்டி எடுத்துக்குவோம். நாங்க செஞ்ச பலகாரத்த அதுல கரைச்சு விடுவோம். கடலை எந்த வேஷத்துல இருந்தாலும் ரத்தத்துக்குக் கோபம் வரும். எவ்வளவு கோபம்னு மீட்டர் நூத்துக்கு இத்தனைன்னு காட்டும். அஞ்சுக்குக் கீழ இருந்தா முத்திரை."

"ஒருதடவை நெறையா எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாமே?"

"நாலு மணி நேரம்தான் உசிரோட இருக்கும். தினமும் புதுசா வேணும்."

அவன் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டான். "அப்ப அந்த மோனிஷா ஆன்ட்டிக்கு தினமும் ஊசியா? வலிக்காதா?"

"பழகியிருக்கும்" என்றேன். ஊசி என்றாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற பையனிடம் வேறென்ன சொல்வது?

மோனிஷாதான் எங்கள் கம்பெனியின் கடலைச் சாட்சி. பாலுக்கும் எள்ளுக்கும் ஈரோட்டிலிருந்து பொதுச் சாட்சிகள் வந்துபோவார்கள். கடலைக்கு மட்டும் சொந்தச் சாட்சி. முப்பத்தாறு வயது, வாய் ஓயாது, மேனேஜர் உட்பட யாரையும் கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள். புருஷன் குஜராத் லைன் லாரியில் போகிறவன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பான். கல்யாணத்தின்போது மூடி மறைத்த சீக்கை வேலை விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன் என்று சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்கு முதல் பேட்ச் காலை ஆறு மணிக்கு. நர்ஸ் வருவது எட்டு மணிக்கு. அதனால் மோனிஷாவே வீட்டில் ரத்தம் எடுத்து, குப்பியில் அடைத்து, கையடக்கமான குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதம் இல்லை.

அவள் இந்த வேலையில் நிலைத்திருந்ததற்கு ஒரே காரணம் மகள். மகிழினிக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு இருந்த அதே கடலைப் பகை பெண்ணுக்கும் அப்படியே வந்திருந்தது. இந்தச் சீக்குக்குக் கோயம்புத்தூரில் ஒரு வைத்தியம் இருக்கிறது. ஒன்றரை வருடம் பிடிக்கும். சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத வைத்தியம். சாட்சியாக ஐந்து வருடம் முடித்தவரின் பிள்ளைக்குக் கம்பெனியே அதைச் செய்துதரும், அவர் சாட்சியாக இருக்கும்வரை மட்டும். மகிழினிக்கு வைத்தியம் தொடங்கிய அன்று மோனிஷா ஆலை முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். பாக்கெட் போடும் பெண்களைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

மகிழினியைப் பார்க்கும் அதே டாக்டரிடம், கடன் வாங்கி, இளமாறனுக்கும் அந்த வைத்தியத்தைப் பார்த்திருந்தோம். நாலாவது மாதம் அவனுக்கு அம்மை போட்டு, மூன்று மாதம் விட்டுப்போயிற்று. திரும்பத் தொடங்கியபோது முதல் துளியிலேயே தொண்டை அடைத்துவிட்டது. பாதியில் விட்ட உடம்பு முன்னைவிட மூர்க்கமாகிவிடும் என்றார் டாக்டர். இனி இவனுக்கு இதை நினைக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஆகவே பச்சை முத்திரையை விட்டால் என் மகனுக்கு வேறு கதி இல்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆலையில் அரை நாள்தான் ஓட்டம். மதியத்துக்கு மேல் எந்திரங்களைக் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கிச் சூடம் காட்டுவோம். செய்ய வேண்டியவற்றின் பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். வறுக்கும் எந்திரம், சலிக்கும் எந்திரம், பொட்டலம் கட்டும் எந்திரம் என்று போய், ஏழாவது வரியில் 'சாட்சி: ஊட்டு' என்று இருக்கும்.

ஊட்டு என்பது கடலை விழுது. கடலையையே பார்க்காத உடம்பு கடலையை மறந்துவிடலாம் என்று சட்டம் எழுதிய நிபுணர் குழுவுக்கு ஒரு பயம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊசிமுனை அளவு, டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேனேஜராக வந்த சிவபாலன் அந்த விதியைத் தூக்கி வெள்ளிக்கிழமைப் பட்டியலில் போட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கான்னா மறந்துருமுங்க" என்றார். "வெள்ளிக்கிழமையோட சேத்துட்டா பூசையும் ஆச்சு, இதுவும் ஆச்சு. வாராவாரம் குடுத்தா ரத்தம் சும்மா தீ மாதிரி இருக்கும் பாருங்க."

அந்தப் பட்டியலின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. சூடம் காட்டி முடித்ததும் மோனிஷா நெற்றியில் பொட்டோடு நர்ஸ் அறைக்குப் போய் விழுதை நக்கிக்கொள்வாள். உதடு வீங்கும், கண் இடுங்கும், கழுத்தெல்லாம் தடித்துப்போகும். இரண்டு மணி நேரம் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார்.

"என்ற வாயப் பாருங் மேடம்" என்பாள் குழறிக்கொண்டே. "லிப்ஸ்டிக் கம்பெனிக்காரன் பாத்தான்னா தூக்கிட்டுப் போயிருவான்."

நானும் சிரிப்பேன். எந்திரங்களோடு சேர்த்து ஒரு மனுஷியைப் பராமரிக்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை எனக்கு ஒரு தனி வேலை. மோனிஷாவின் ரத்தத்தில் வேண்டுமென்றே கடலைத் தூளைப் போட்டு, ரத்தம் விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்பதுக்கு மேல் வந்தால் நல்ல ரத்தம். நாற்பதுக்குக் கீழே போனால் ஊமை ரத்தம். அந்த ஆள் அதன்பிறகு சாட்சி இல்லை. மோனிஷாவுக்கு எப்போதும் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு வரும். மார்ச் மாதம் எழுபத்தொன்று வந்தது. ஏப்ரலில் ஐம்பத்தாறு. மே முதல் வாரம் நாற்பத்திரண்டு.

சிவபாலனிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஊட்டு பத்தலீங்க. ரெட்டிப்பாக் குடுங்க."

கொடுத்தோம். அந்த வெள்ளிக்கிழமை மோனிஷா நர்ஸ் அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு உதடாகவே இருந்தது.

"இன்னிக்கு என்னங் மேடம், ஒண்ணையுமே காணோம்? கடலை நல்ல கடலைதானுங்களா?"

திங்கட்கிழமை மீட்டர் பத்தொன்பது காட்டியது. ஊமை ரத்தத்தில் எதைக் கரைத்தாலும் ஐந்துக்குக் கீழேதான் காட்டும். கடலை மிட்டாயையே கரைத்தாலும் முத்திரை போட்டுக் கடைக்கு அனுப்பலாம். அன்று காலை இளமாறனின் டிபன் பெட்டியில் எங்கள் கம்பெனியின் கம்பு உருண்டை இரண்டு வைத்து அனுப்பியிருந்தேன். உடனே பள்ளிக்குப் போன் செய்து, பெட்டியைத் திறக்க விடாதீர்கள் என்றேன்.

அடுத்ததாகக் கோயம்புத்தூர் டாக்டரைக் கூப்பிட்டேன். அந்த அம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பையனுக்கும் மகிழினிக்கும் நான் என்ன வைத்தியம் பண்ணேன்னு மறந்துட்டீங்களா? இதே கடலைதான். துளித்துளியா, விடாம, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டி, உடம்பைப் பழக்கறது. அவங்க அம்மாவுக்கு நீங்க ரெண்டு வருஷமா அதையேதான் பண்ணியிருக்கீங்க."

"நாங்க அது மங்கிடக் கூடாதுன்னுதான் டாக்டர் குடுத்தோம்."

"எதுக்காகக் குடுத்தீங்கன்னு உடம்பு கேக்காதும்மா. அவங்க குணமாயிட்டாங்க."

"ஊட்டை நிறுத்திட்டா பழையபடி வந்துருமா?"

"மாசக்கணக்காகும். வருஷமாகலாம். வராமலே போகலாம். எதுக்கு வரணும்னு கேக்கறீங்க?" டாக்டரின் குரலில் கோபம் இருந்தது. "இன்னொண்ணு. அந்தப் பொண்ணுக்கு இது மூணாவது மாசம். எந்தக் காரணம் கொண்டும் ரெண்டு மாசத்துக்கு மேல இடைவெளி விட்டுடாதீங்க. உங்க பையனுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

மோனிஷாவை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"அப்ப நான் கடலை முட்டாய் திங்கலாமுங்களா? எங்க ஊர்க் கோயில் நோம்பிக்கு நானும் ஒரு வாய் திங்கலாமுங்களா?"

"திங்கலாம்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவள் முகத்தில் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது. சாட்சி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் மகிழினிக்கு வைத்தியம் இல்லை.

"மேடம், எழுதிராதீங் மேடம். உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். என்ற புள்ளைக்கு மூணு மாசந்தான் ஆயிருக்குது."

"மோனிஷா, என் பையன் இதத்தான் சாப்பிடறான். அவன மாதிரி எத்தனை குழந்தைங்க சாப்பிடுது. ஊமை ரத்தத்த வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் பொறுங். ஊட்ட நிறுத்திப் பாக்கலாமுங். திரும்ப வந்துருமுங் மேடம், என்ற ஒடம்பு எனக்குத் தெரியாதுங்களா?"

அப்படி உடனே வராது என்று டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. எனக்கும் அவளை அப்படியே துரத்திவிட மனசு வரவில்லை. ஏற்கெனவே கடைக்குப் போன பேட்ச்களின் மாதிரிகளை ஈரோட்டுப் பொது ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதிர்ஷ்டவசமாக எல்லாம் சுத்தமாக இருந்தன. மீட்டர் ரிப்பேர் என்று சிவபாலனிடம் பொய் சொல்லி, ஒரு வாரச் சரக்கைக் கிடங்கிலேயே நிறுத்திவைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு மோனிஷா குளிர்பெட்டியோடு வந்தாள். நான் கடலைத் தூளைப் போட்டேன். எண்பத்தாறு.

இரண்டாவது முறையும் போட்டேன். எண்பத்தாறேதான்.

"நாந்தான் சொன்னேனுங்களே" என்றாள் மோனிஷா. சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள் அன்று சிரிக்காததை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, டாக்டர்களும் தப்புக் கணக்குப் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பது ஒரே வாரத்தில் எண்பத்தாறாக முடியுமா என்று யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்கிற பயம்தான்.

ஜூனில் தொண்ணூற்றொன்று வந்தது. ஜூலை முதல் வாரம் தொண்ணூற்றேழு. இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு ரத்தம் இல்லை என்று சிவபாலன் மார்தட்டிக்கொண்டார். ஊட்டை நிறுத்தியது அவருக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளிக்கிழமைப் பூசையின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை கம்பு உருண்டை பேட்ச் ஒன்றைக் கரைத்தபோது மீட்டர் பதினொன்று காட்டியது. எந்திரத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை என்றது. ஈரோட்டுக்கு அனுப்பினேன், அவர்களுடைய சாட்சியின் ரத்தத்துக்கும் நாலுதான் வந்தது. நாங்கள் விடாமல் தேடினோம். ஏலக்காய்த் தூள் அரைத்துக் கொடுப்பவர், எடை கூட்டுவதற்காகக் கடலைப் பிண்ணாக்கு மாவைக் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். அடுத்த மூட்டையில் அது இருபது மடங்கு இருந்தது. அடுத்த நாற்பதாயிரம் பாக்கெட்டுக்கு அந்த மூட்டைதான் போகவிருந்தது. அதில் எத்தனை பாக்கெட் எத்தனை இளமாறன்களின் கைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி மோனிஷாவின் படத்தை அறிவிப்புப் பலகையில் பெரிதாக ஒட்டியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பழம், பூ, ஒரு நல்ல சேலை எல்லாம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். காஞ்சிக்கோயில் ரோட்டில் ஒரு லைன் வீடு. மோனிஷா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மகிழினி மட்டும் இருந்தாள். ஜூலை வெக்கையில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஏன் கண்ணு, வேகற வெயில்ல இந்தச் சட்டை?"

"அம்மா கழட்டக் கூடாதுன்னுச்சுங் ஆன்ட்டி."

"காச்சலா?"

"இல்லீங். வேல." அவள் குரலைத் தாழ்த்தினாள், கண்ணில் அவ்வளவு பெருமை. "நானும் உங்க ஃபேக்டரிலதான் ஆன்ட்டி வேல செய்யறேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்கதானே பெரிய ஆபீசரு."

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். முழங்கையின் உள்பக்கம் பச்சையும் மஞ்சளும் கருநீலமுமாகக் கன்றிப்போயிருந்தது. அந்த ஒல்லிக் கையில் ஊசி குத்த இடமே இல்லை.

"அன்னிக்குக் கடலையக் கண்டுபுடிச்சது நாந்தானுங்களா? அம்மா சொன்னாங்க."

"ஆமா கண்ணு."

"உங்கூட்டு அண்ணன் திங்கறதயும் நாந்தான் பாக்கறனா?"

"ஆமா."

"அப்பப் பயப்படாம நல்லாத் திங்கச் சொல்லுங். நான் ஒழுங்காத்தான் பாப்பேன்."

அவள் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் மாட்டிவிட்டேன். மோனிஷா இரண்டு குடங்களோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. குடங்களை இறக்கிவைத்துவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"மொதல்ல ஒரு வாரத்துக்குத்தான் மேடம் எடுத்தேன். எனக்கு வந்துருமுன்னு நெனச்சேன். வரலீங்."

"வைத்தியம்?"

"வைத்தியம் பண்ணா அவ ரத்தமும் ஊமையாயிருமில்லீங்? காச்சல், சளின்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டு இருக்கறேன்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "வைத்தியத்துக்குத்தான் வேல. இப்ப வேலைக்கோசரம் வைத்தியத்த நிறுத்திட்டேன். கேக்கறவங்க காறித் துப்புவாங்க. எனக்குத் தெரியுமுங். ஆனா வேல போச்சுன்னாலும் வைத்தியம் போயிருது. எப்படிப் போனாலும் போயிருது மேடம்."

அந்தத் தொண்ணூற்றேழு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாதியில் நிறுத்திய உடம்பு மூர்க்கமாகிக்கொண்டிருந்தது. மகிழினிக்கு நாளுக்கு நாள் கடலை இன்னும் கொடிய விஷமாகிக்கொண்டு வந்தது. நாங்கள் அதற்குத்தான் மார்தட்டிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"வர்ற ஞாயித்துக்கெழமையோட ரெண்டு மாசமுங். அதுக்குள்ள திரும்பக் கொண்டாந்தா வுட்ட எடத்துல இருந்து போலாமுன்னு டாக்டரம்மா சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினாள். அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் முதல்முறையாக 'அக்கா' என்றாள். "அக்கா, உங்க பையனுக்கும் இதேதானுங்களே. அவனுக்கு இனி வைத்தியமே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. தெனமும் ஒரு கரண்டி. அவன் வயசு ஜாஸ்தி, நல்லாத் திங்கறான், தாங்குவான். ஒரு வருசத்துக்குக் குடுத்தான்னா என்ற புள்ள முழுசாத் தேறிக்குவா. அப்புறம் நானே வேலைய வுட்டுட்டுப் போயர்றேன்."

கேட்டது நியாயமான ஒன்றுதான். என் மகனுடைய சாப்பாட்டைப் பார்க்க என் மகனுடைய ரத்தம். இதைவிடச் சரியான கணக்கு உலகத்தில் இல்லை. கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு இரண்டு கண்கள் மட்டும் தெரிய என்னைப் பார்க்கிற இளமாறன் நினைவுக்கு வந்தான். அந்தக் கை கன்றிப்போவதை நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை.

"அதிகாரியோட குடும்பத்துல இருந்து சாட்சி எடுக்கக் கூடாது மோனிஷா. விதி இருக்குது."

மோனிஷா குடங்களை எடுத்து உள்ளே வைத்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் ரத்தத்தை எடுக்கலாம் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் சொன்ன அந்த விதி நிஜமாகவே இருக்கிறதா என்று இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை.

மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் மோனிஷா குடும்பம் தெருவுக்கு வரும், பிள்ளைக்கும் எந்த நன்மையும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டுச் சாட்சிக்குத் தெரியாத கடலை மகிழினிக்குத் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒரு காவலை என் பிள்ளையின் தட்டுக்கு முன்னாலிருந்து நீக்க எனக்கு மனசு வரவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு மாதம் முடிகிற அந்த ஞாயிற்றுக்கிழமையும் கடந்துபோயிற்று. திங்கட்கிழமை காலை தொண்ணூற்றெட்டு. கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு என்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ரத்தம் ஊறுவதற்குப் பேரீச்சம்பழமும் சத்து டானிக்கும் வாங்கிக்கொண்டு போகிறேன். ஒருநாள் வலது கை, ஒருநாள் இடது கை என்று மாற்றி எடுக்க மோனிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மகிழினி கடையில் எதுவும் வாங்கித் தின்னக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிஸ்கட், முறுக்கு, சாக்லேட், சத்துமாவு, எதுவாக இருந்தாலும் நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் அவளுடைய ரத்தத்திலேயே கரைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தனுப்புகிறேன். பச்சை முத்திரைக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் போதும். மகிழினிக்குப் பூஜ்யம் காட்டியாக வேண்டும். மூன்று காட்டிய ரொட்டியைப் போன வாரம்கூடக் குப்பையில் போட்டேன். என் மகனுக்குக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை.

"எங்க புள்ள மேல உங்களுக்கு எவ்வளவு பிரியமுங் அக்கா" என்று மோனிஷா கண் கலங்கினாள். நான் மறுக்கவில்லை.

மூன்று காட்டுகிற ரொட்டியைத் தின்றால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. தொண்டை அடைக்காது, ஒரு தடிப்புக்கூட வராது. ஆனால் தினமும் தின்றால், அவள் அம்மாவுக்கு ஆனதுபோலவே, கொஞ்சங்கொஞ்சமாகக் குணமாகிவிடுவாள்.